எல்லைச் சுவரின் இருபுறமும் ஒரே படைப்பு: கூட்டுக்கலையில் கூட்டாளி யார்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2019 ஜூலை 28 அன்று அமெரிக்க-மெக்சிகோ எல்லைச் சுவரில் மூன்று இளஞ்சிவப்பு சீசாக்கள் (இருமுனையிலும் அமர்ந்து ஏறி இறங்கும் விளையாட்டுப் பலகைகள்) ஏறி இறங்கின. சுவரின் எஃகுக் கம்பங்களுக்கு இடையில் கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். அந்தச் சந்துகளில் நீண்ட இரும்புத் தண்டுகளைச் செருகி இருமுனையிலும் இருக்கை பொருத்தியிருந்தார்கள். ஒருமுனை நியூ மெக்சிகோ மாநிலத்தின் சன்லேண்ட் பார்க்கில், மறுமுனை சியுதாத் ஹுவாரேஸ் நகரின் அனாப்ரா குடியிருப்பில். இந்தப் பக்கம் ஒரு குழந்தை கால் ஊன்றி எழும்பினால் அந்தப் பக்கத்துக் குழந்தை தரைக்கு வரும். அது ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அமெரிக்க எல்லைக் காவலரும் மெக்சிகோ படைவீரரும் வந்து பார்த்தார்கள், தடுக்கவில்லை.

ரொனால்ட் ராயேல், வர்ஜீனியா சான் பிராத்தெல்லோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் 2009-லேயே இதைத் தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். லண்டன் டிசைன் மியூசியம் 2020ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது. இளஞ்சிவப்புக்கும் காரணம் உண்டு. ஹுவாரேஸில் 1990கள் முதல் கொல்லப்பட்ட பெண்களுக்காக அவர்களுடைய தாய்மார்கள் நட்ட சிலுவைகளின் நிறம் அது.

சிற்றிதழ் ஒன்றுக்காக, குடிபெயர்வைப் பற்றி வெவ்வேறு பண்பாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து செய்த படைப்புகளைக் குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சீசாவிலிருந்துதான் தொடங்க நினைக்கிறேன். ஓர் அரசு பல ஆண்டுகள் பெருஞ்செலவு செய்து எழுப்பிய சுவரை அந்தச் சில நிமிடங்கள் சீசாவின் தாங்குமுனையாக மாற்றிவிட்டன. இதைவிடத் தெளிவாக ஒரு கட்டுரையால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்த படைப்புகளையும், மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் எழுதுங்கள்.

---

நெய்தல்நிலம்

மாற்றுக் கருத்து இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

சீசா ஆடிய ஆறாம் நாள், 2019 ஆகஸ்ட் 3 அன்று, அதே எல்லைப் பகுதியின் எல் பாசோ நகரில் ஓர் அங்காடிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். மெக்சிகோ மக்களைக் கொல்வதற்கென்றே டெக்சஸின் மறுகோடியிலிருந்து பல மணி நேரம் காரோட்டி வந்தவன். 23 பேர் இறந்தார்கள். சீசாவின் காணொளி உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த அதே வாரம் அது.

கலையால் துப்பாக்கியைத் தடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அதை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்து நெகிழ்ந்த லட்சக்கணக்கானவர்களில் அனாப்ராவில் மறுநாள் என்ன நடந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? கேமரா வந்தது, குழந்தைகள் சிரித்தார்கள், கேமரா போனது, சுவர் நின்றது. விருது லண்டனில் கொடுக்கப்பட்டது. பெர்க்லியில் இருக்கும் பேராசிரியர் ராயேலுக்கும் அனாப்ராவில் இருக்கும் குழந்தைக்கும் நடுவில் நடந்தது உண்மையிலேயே கூட்டா? ஒருவர் கற்பனை செய்தார், மற்றவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைக் கூட்டாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

கல்தச்சன்

மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தவன் நான். பட்டறைக்காரனுக்குத் தோன்றும் முதல் கேள்வியையே கேட்கிறேன்: அந்தச் சீசாக்களைச் செய்தது யார்?

தேடிப் பார்த்தேன். அவை ஹுவாரேஸ் நகரில், மெக்சிகோ பக்கத்தில், ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் செய்யப்பட்டவை. அந்நகரின் கொலெக்திவோ சோபெகே என்ற கூட்டுக்குழுதான் அங்கே வேலையை நடத்தியது. வைகைக்கரை அவர்களே, உங்கள் முதல் பதிவில் வடிவமைத்த இருவர் பெயர் இருக்கிறது, விருது கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இந்தக் குழுவின் பெயர் இல்லை. நீங்கள் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டீர்கள். நாம் படிக்கும் செய்திகளே அப்படித்தான் வருகின்றன.

இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. சுவரின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு தண்டை நுழைத்து, இருபக்கமும் ஆட்களைச் சுமந்து அது ஆடும்போது கம்பத்தில் இடிக்காமல் சுழல வேண்டும். தாங்குமுனை சரியாக அமைய வேண்டும். அளவு அரை அங்குலம் தவறினாலும் அங்கே போய்த் திருத்த நேரம் கிடைக்காது. காவலர் எந்த நிமிடமும் வரலாம் என்ற இடத்தில், கொண்டுபோய்ச் செருகியவுடன் வேலை செய்தாக வேண்டும். அதைச் சாதித்துக் கொடுத்தது ஹுவாரேஸின் கைத்திறன்.

ஆகவே நெய்தல்நிலம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. கூட்டு உண்மையாகவே இருந்தது. வெளியில் சொல்லப்பட்டபோதுதான் அது கூட்டாக இல்லாமல் போயிற்று.

---

பாலைத்திணை

அரிசோனாவின் டூசானில் வசிக்கிறேன், எல்லைக்கு ஒரு மணி நேரத் தொலைவு. இந்த விவாதத்தில் ஒரு பழைய கதை விடுபடுகிறது, அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2017-இல் ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் மெக்சிகோவின் தெகாத்தே பகுதியில், சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தையின் பிரம்மாண்டமான படத்தைச் சாரம் கட்டி நிறுத்தினார். சுவரை ஒட்டிய வீட்டில் வாழ்ந்த ஒரு வயதுக் குழந்தையின் படம் அது, குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் செய்தார். அது முடியும் நாளில், அக்டோபர் 8 அன்று, சுவரின் இருபக்கமும் ஒரே நீளமேசை போட்டு விருந்து வைத்தார். மேசைவிரிப்பில் இரண்டு கண்கள், ஒரு கண் இந்த நாட்டில், ஒரு கண் அந்த நாட்டில். சிறுவயதில் ஆவணமின்றி அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டு அங்கேயே வளர்ந்தவர்களில் ஒருவரின் கண்கள் அவை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அப்படிப்பட்டவர்களுக்கு இருந்த பாதுகாப்பை விலக்கிக்கொள்வதாக அமெரிக்க அரசு அறிவித்திருந்தது. அந்த விருந்தை உலகமே பார்த்தது.

இப்போது 1986-க்குப் போங்கள். சான் டியேகோவுக்கும் தீஹுவானாவுக்கும் நடுவில், பசிபிக் கடற்கரையில் எல்லை முடியும் இடம். அப்போது இன்றிருப்பது போன்ற சுவர் அங்கே கிடையாது. அக்டோபரில், கொலம்பஸ் நாளன்று, ஒரு கலைஞர் குழு எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு மேசையைப் போட்டது, பாதி மெக்சிகோவில், பாதி அமெரிக்காவில். எல்லைக்காரர்களைப் பற்றி வழங்கும் இழிவான பொதுப்பிம்பங்களையெல்லாம் வேடமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சோளத்தைச் சட்டவிரோதமாகக் கைமாற்றித் தின்றார்கள். பிறகு மேசையைச் சுழற்றினார்கள், உட்கார்ந்தவர்களும் அதோடு சுற்றினார்கள். மெக்சிகோவில் இருந்தவர் அமெரிக்காவுக்குள், அமெரிக்காவில் இருந்தவர் மெக்சிகோவுக்குள்.

அந்தக் குழுவின் பெயர் பார்டர் ஆர்ட் ஒர்க்‌ஷாப், ஸ்பானிய மொழியில் தாயெர் தே ஆர்தே ஃப்ரொன்தெரீஸோ. இரண்டு மொழியிலும் பெயர், நடுவில் ஒரு சாய்வுக்கோடு. 1984-இல் சான் டியேகோவில் தொடங்கினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மெக்சிகோ வழியினரான டேவிட் அவாலோஸ், மெக்சிகோ நகரிலிருந்து வந்த கியேர்மோ கோமேஸ்-பெஞ்யா, வெள்ளை அமெரிக்கரான மைக்கேல் ஷ்நோர் ஆகியோர் அதில் இருந்தார்கள். இவர்கள் எல்லையிலேயே வாழ்ந்தவர்கள். ஒரு படைப்பு முடிந்ததும் விமானம் ஏறிப் போய்விட முடியாதவர்கள். கூட்டத்துக்குள் சண்டையும் இருந்தது. யார் பேசுவது, யாருடைய பெயர் முன்னால் வருவது என்றெல்லாம் உரசிக்கொண்டார்கள். கோமேஸ்-பெஞ்யா சில ஆண்டுகளில் விலகினார். எல்லைக் கலை வெளியூர் அருங்காட்சியகங்களுக்கு நாகரிகப் பண்டமாகிவிட்டது என்று 1990களின் தொடக்கத்திலேயே எழுதினார்.

ஜேஆர் செய்ததை நான் குறை சொல்லவில்லை. அவருடைய விருந்தில் சாப்பிட்ட மக்கள் மகிழ்ச்சியாகவே சாப்பிட்டார்கள். ஆனால் 31 ஆண்டுகளுக்கு முன் அதே எல்லையில் மேசை போட்டவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது. எல்லைக் கலை என்பதை எல்லைக்காரர்களே உருவாக்கினார்கள். உங்கள் கட்டுரை 2019-இல் தொடங்குமானால் தயவுசெய்து இரண்டாம் பத்தியிலாவது 1984-க்கு வாருங்கள்.

---

வைகைக்கரை

கல்தச்சன் ஐயா, பாலைத்திணை, இருவருக்கும் நன்றி. இப்படிப்பட்ட விவரங்களுக்காகவே இழையைத் தொடங்கினேன்.

உட்கார்ந்தவரைக் கூட்டாளி என்று சொல்ல முடியாது என்றாரே நெய்தல்நிலம், அதற்கு ஒரு படைப்பைப் பதிலாக வைக்கிறேன். மெக்சிகோ நகரில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் வாழும் ரஃபாயெல் லொசானோ-ஹெம்மர், 2019 நவம்பரில் எல் பாசோவிலும் ஹுவாரேஸிலும் பன்னிரண்டு இரவுகள் நடத்திய 'பார்டர் டியூனர்'. எல்லையின் ஒவ்வொரு பக்கமும் மூன்று மேடைகள். மேடையில் ஒரு திருகுசக்கரம், மைக், ஒலிபெருக்கி. சக்கரத்தைத் திருகினால் வானத்தில் பெரிய ஒளிக்கற்றைகள் நகரும். உங்கள் ஒளியும் எதிர்நாட்டில் நிற்கும் ஒருவரின் ஒளியும் மேலே சந்தித்தால், இருவருக்கும் இடையில் பேச்சு திறந்துகொள்ளும். ஒளியை விலக்கினால் பேச்சு அறுந்துவிடும்.

அங்கே கலைஞர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. யாரோ பாட்டுப் பாடினார்கள், யாரோ கவிதை வாசித்தார்கள், முன்பின் தெரியாத இருவர் இன்று என்ன சமைத்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இரவும் உள்ளூர்க் குழுக்கள் தங்கள் செய்தியோடு தொடங்கிவைத்தன: பழங்குடியினர், தொழிற்சாலைப் பெண்கள், வரலாற்றாளர்கள். தான் புதிதாக எந்த இணைப்பையும் உண்டாக்கவில்லை, இரு நகரங்களுக்கும் இடையில் ஏற்கெனவே இருப்பதைக் கண்ணுக்குத் தெரியச் செய்தேன் என்பதே அவருடைய நிலை.

இடமும் பொருத்தமான இடம். ஹுவாரேஸ் பக்கம் ஒளி புறப்பட்டது சமிசால் பூங்காவிலிருந்து. 1860களில் ரியோ கிராண்டே ஆறு திசைமாறிப் பாய்ந்ததால் யாருடைய நிலம் என்று நூறு ஆண்டுகள் வழக்கில் கிடந்த பகுதி அது. 1963-இல்தான் ஒப்பந்தம் போட்டுத் தீர்த்தார்கள். ஆறு நகர்ந்தால் நாடும் நகர்ந்துவிடும் ஓர் எல்லையில், ஒளியை நகர்த்தச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதுவும் அந்தத் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்றரை மாதமே ஆன நகரில்.

---

நெய்தல்நிலம்

இதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. பேசியவர் தம் சொந்தக் குரலில், தம் விருப்பப்படி பேசியிருக்கிறார். சீசாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதுதான். சீசாவில் உட்காருபவர் ஏறலாம், இறங்கலாம், அவ்வளவே. கலைஞர் திட்டமிடாத ஒன்றை அங்கே யாராலும் செய்ய முடியாது.

பதின்மூன்றாம் இரவு என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் எனக்கு மிச்சமிருக்கிறது. விளக்கு அணைந்தபின் அந்த ஊர்களில் என்ன மிஞ்சியது?

---

வன்னிமகள்

பல மாதங்களாக இக்களத்தை வாசிக்கிறேன், எழுதுவது அரிது. கனடாவில் இருக்கிறேன். மெக்சிகோ எல்லையைப் பற்றிய பேச்சில் எங்கள் கதையை நுழைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கே எங்களிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், வான்கூவரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நிறுவற்கலைப் படைப்பை (பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் கலை) செய்தார். பல பண்பாடுகளைச் சேர்ந்த கலைஞர்கள் எல்லை என்ற கருப்பொருளில் பங்கேற்ற 2010ஆம் ஆண்டுக் கண்காட்சி அது. சனாதனன் தன் கையால் எதையும் வரைந்து கொண்டுவந்து மாட்டவில்லை. அப்பகுதியில் வாழும் இலங்கைத் தமிழரிடம், உங்களுக்கு வீடு என்றால் என்ன, அதை உணர்த்தும் ஒரு பொருளைத் தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் கொடுத்தவற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டு வரிசையாக வைத்தார்.

இதன் அருமை ஏதிலியாக வந்தவர்களுக்கு விளங்கும். விமானத்துக்கு இருபது கிலோ, படகுக்கு அதுவும் இல்லை. அப்படி வந்தவர் எடுத்துவந்த ஒரு பொருள், வேறு யாருக்கும் எந்த மதிப்பும் இல்லாத பொருள், ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் போகிறது. அதே கட்டடத்தில்தான் உலகெங்கிலுமிருந்து சேகரிக்கப்பட்ட தொல்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் எத்தனையைக் கேட்டு வாங்கினார்கள்? இந்தக் குடுவைகளில் இருந்த ஒவ்வொன்றும் கேட்டு வாங்கப்பட்டது, கொடுத்தவர் தெரிந்தே கொடுத்தது.

அதே 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எம்.வி. சன் சீ கப்பல் 492 தமிழருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்கு வந்தது. அவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் அனைவரும் ஒரே முகமாக, ஓர் அச்சுறுத்தலாக ஆனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டுக்கு ஒரு முற்றமும் ஒரு கிணறும் இருந்தன என்பதைச் செய்தி சொல்லவில்லை. அதைச் சொல்லும் வேலையைத்தான் அந்தக் குடுவைகள் செய்தன.

நெய்தல்நிலம் கேட்ட மிச்சத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு சனாதனன் இன்னொன்று செய்தார். போரால் வீடிழந்த எண்பது பேரிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அதைப் பார்த்து ஒரு கட்டடக் கலைஞர் முறைப்படி அளவுப்படம் வரைந்தார். பிறகே சனாதனன் தன் ஓவியத்தை வரைந்தார். டச்சுக்காரர் காலத்துக் காணிப்பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கி, முற்றுப்பெறாத தோம்பாக, அது 2011-இல் புத்தகமாக வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதல் கோடு வீட்டுக்காரருடையது. கலைஞரின் கோடு கடைசி. காணி உறுதியும் இல்லாமல், வீடும் இல்லாமல் போனவருக்கு, இந்த அறையில் இன்ன இடத்தில் சாமிப்படம் இருந்தது என்ற பதிவு எஞ்சியிருக்கிறது. அது போதுமா என்று கேட்டால் போதாதுதான். ஆனால் இருக்கிறது.

---

கல்தச்சன்

வன்னிமகள் அம்மா, முதல் கோடு யாருடையது என்று நீங்கள் எழுதியது இந்த இழையின் எல்லா எடுத்துக்காட்டுகளையும் அளக்கப் போதுமானது. கருத்தும் கடைசிப் பூச்சும் ஒருவருடையதாகவே இருந்து, நடுவேலைக்கு மட்டும் மற்றவர்களைக் கூப்பிடுவதைப் பட்டறை மொழியில் கூலிவேலை என்போம். கூலிவேலை இழிவானதில்லை, ஆனால் அதற்குக் கூட்டுப்படைப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

---

பாவைக்கூத்து

'லிட்டில் அமல்' பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே!

3.5 மீட்டர் உயரப் பாவை. ஒன்பது வயது சிரியச் சிறுமி, தாயைத் தேடி நடக்கிறாள் என்பது கதை. 2021 ஜூலையில் துருக்கியின் காஸியான்தெப் நகரில் புறப்பட்டு, நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தாள், சுமார் 8,000 கிலோமீட்டர். பாவையைச் செய்தது தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக் குழு. நடத்தியது, பிரான்சின் கலே அகதி முகாமில் 2015-இல் கூடாரம் போட்டு நாடகம் தொடங்கிய ஆங்கிலேயரின் குட் சான்ஸ் குழு. கலை இயக்குநர் பாலத்தீனத்தைச் சேர்ந்த அமீர் நிசார் சுவாபி. பாவையாட்டிகளில் சிலர் தாங்களே அகதிகளாக வந்தவர்கள்.

அமலின் உடல் பிரம்பும் கார்பன் இழையும் கொண்டு முடைந்தது. உள்ளே ஒருவர் மரக்காலில் நிற்கிறார். நடையும் அவருடையது, முகமும் அவருடையது: யாழ் நரம்பு போன்ற கம்பிகளை விரலால் இழுத்துக் கண்ணையும் வாயையும் அசைக்கிறார். இரண்டு கைகளுக்கும் வெளியே இருவர். கொற்றவை மரக்காலில் ஆடியதைப் பாடிய நாட்டில் பிறந்தவனுக்கு, மரக்காலில் நின்றபடி முகபாவமும் காட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று பலமாக அடித்தால் அவ்வளவு உயரத்தைச் சாயாமல் நிறுத்துவதே ஒரு வித்தை.

ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க் கலைஞர்கள் அவளை வரவேற்றார்கள். எப்படி வரவேற்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ரோமில் போப் பிரான்சிஸ் அவளைச் சந்தித்தார். கிரீஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மெத்தேயோரா மடாலயங்கள் இருக்கும் பகுதியில், முஸ்லிம் சிறுமியின் பாவை வரக் கூடாது என்று ஊர்மன்றம் தடுத்தது. லாரிஸாவில் கல்லெறிந்தார்கள். பிரம்பால் முடைந்த ஒரு குழந்தை மீது கல் விழுந்தது! அதுவும் அந்தப் படைப்பின் பகுதியாயிற்று. ஐரோப்பா அகதியை எப்படி நடத்துகிறது என்பதை ஐரோப்பாவே மேடையேறி நடித்துக் காட்டிவிட்டது.

2023-இல் அமல் அமெரிக்காவின் குறுக்கே நடந்து மெக்சிகோ எல்லைக்கும் போனாள் என்பதால் இது இந்த இழைக்கு அந்நியமில்லை.

---

நெய்தல்நிலம்

அமல் நடக்கப் புறப்பட்ட காலத்தில் கிரீஸின் லெஸ்பாஸ் தீவில் உயிருள்ள குழந்தைகள் முகாமில் இருந்தார்கள். அந்தத் தீவின் மோரியா அகதி முகாம் எரிந்தது அதற்கு முந்தைய ஆண்டு, 2020 செப்டம்பரில். எல்லைகள் பாவைக்குத் திறந்தன, குழந்தைகளுக்குத் திறக்கவில்லை. பாவைக்கூத்து அவர்களே, இது உங்களை உறுத்தவில்லையா?

---

பாவைக்கூத்து

உறுத்துகிறது. உறுத்துவதற்காகத்தான் அவள் நடந்தாள் என்றே நினைக்கிறேன். ஒரு நகரத் தந்தை பாவைக்கு மாலை போட்டுவிட்டு மறுநாள் முகாமை மூடச் சொன்னால், ஊரார் அவரிடம் கேட்க ஒரு கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்வி முன்பு அந்தச் சதுக்கத்தில் இல்லை.

பயிற்சி பெற்ற பாவையாட்டியாக ஊதியம் பெற்ற அகதி இளைஞருக்கு அது வேலை, பெயர், தொழில். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

---

பாலைத்திணை

இதுவரை நாம் பேசியதில் ஓர் இடைவெளி இருக்கிறது. குடிபெயர்ந்தவர், ஏற்பவர் என்று இரண்டு தரப்பாகவே பேசுகிறோம். எல்லைக்கோடு வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் எங்கே?

நான் வாழும் பகுதியில் தொஹோனோ ஓதாம் மக்கள் இருக்கிறார்கள். 1850களில் அமெரிக்கா மெக்சிகோவிடமிருந்து நிலம் வாங்கியபோது கோடு அவர்கள் நிலத்தின் நடுவில் போயிற்று. இன்று அவர்களுடைய நிலத்தில் 62 மைல் எல்லை. அவர்கள் எங்கும் குடிபெயரவில்லை. எல்லைதான் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இந்தப் பார்வையிலிருந்து வந்த படைப்பு 'ரிப்பெல்லென்ட் ஃபென்ஸ்', விரட்டுவேலி. போஸ்ட்கமாடிட்டி என்ற பழங்குடிக் கலைஞர் குழு, அப்போது ரேவன் சாகோன், கிறிஸ்தோபல் மார்த்தீனெஸ், கேட் ட்விஸ்ட் மூவரும் அதில் இருந்தார்கள். தோட்டத்தில் பறவையை விரட்டக் கடையில் விற்கும் மஞ்சள் பலூன் ஒன்று உண்டு, கண் போன்ற வட்டங்கள் வரைந்திருக்கும். பறவைகள் அதற்கு அஞ்சுவதில்லை. அந்தப் பலூனைப் பத்தடி விட்டத்துக்குப் பெரிதாக்கி, 26 பலூன்களை 2015 அக்டோபரில் நான்கு நாள் பறக்கவிட்டார்கள். அரிசோனாவின் டக்ளஸ் நகரில் தொடங்கி எல்லையைக் குறுக்கே கடந்து மெக்சிகோவின் அகுவா பிரியேத்தாவரை இரண்டு மைல் நீளம். எல்லைக்கு இணையாகப் போகாமல் எல்லையை வெட்டிக்கொண்டு போகும் வேலி. அந்தக் கண் உருவம் இரு அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடிகளுக்கும் பொதுவானது. மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வடக்கே நடந்து வருபவர்களில் பலர் பழங்குடியினர், அவர்களை அந்நியர் என்று அழைக்க இந்த அரசுக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம்.

இதற்கு அவர்கள் 2007 முதல் உழைத்தார்கள். எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி போனது பலூனுக்கு அல்ல, பேச்சுக்கு. இரு நகராட்சிகள், எல்லைக் காவல் துறை, மெக்சிகோ தூதரகம், நில உரிமையாளர்கள், ஊர்மக்கள் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார்கள். அந்த உரையாடல்களையே படைப்பின் முக்கியப் பகுதியாக அவர்கள் கருதினார்கள். டக்ளஸும் அகுவா பிரியேத்தாவும் ஒட்டிய ஊர்கள், சுவர் உயர உயர அன்றாடப் போக்குவரத்து குறைந்து போனவை. நெய்தல்நிலம் கேட்ட மிச்சம் இங்கே என்ன? பலூன் இறக்கப்பட்டது. ஆனால் இரு நகரங்களும் சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது, செய்தன. பல ஆண்டுகள் அரசுகள் செய்யாத வேலை அது. நான்கு நாள் படைப்புக்கு எட்டு ஆண்டு கூட்டு. சீசாவின் வேகத்தோடு ஒப்பிட்டால், என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

---

கல்தச்சன்

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1993-இல் சான் டியேகோவில் 'ஆர்ட் ரிபேட்' என்ற படைப்பு. பாலைத்திணை சொன்ன அதே டேவிட் அவாலோஸ், லூயி ஹாக், எலிசபெத் சிஸ்கோ மூவரும் செய்தது. எல்லையைப் பற்றிய கண்காட்சிக்காகத் தங்களுக்குக் கிடைத்த கலைநிதியைப் பத்து டாலர் நோட்டுகளாக மாற்றி, கூலிவேலைக்காகத் தெருவோரம் காத்து நிற்கும் ஆவணமற்ற தொழிலாளர்களிடம் ஆளுக்கு ஒரு நோட்டாகக் கொடுத்தார்கள். நீங்கள் கட்டிய வரியில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்று பொருள். நாடே கொதித்தது. அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் தன் பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது என்றது. ஆவணமில்லாதவர் வரி கட்டுகிறார் என்ற உண்மையை ஊடகங்கள் பல வாரங்கள் விவாதிக்க வேண்டியதாயிற்று. மறுஆண்டு கலிபோர்னியாவில் ஆவணமற்றோருக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றது, பிறகு நீதிமன்றம் தடுத்தது. அந்தச் சூழலில் இதைச் செய்வதற்குத் துணிவு வேண்டும்.

---

மருதநிலம்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கியூபாக் கலைஞர் தானியா புருகேரா 2011-இல் தொடங்கிய குடியேறிகள் இயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூஸ்வெல்ட் சாலையில் ஒரு கடையறை. குவீன்ஸ் அருங்காட்சியகமும் கிரியேட்டிவ் டைம் அமைப்பும் துணை. அங்கே சுவரில் மாட்ட எதுவும் இல்லை. ஆங்கில வகுப்பு, சட்ட ஆலோசனை, குழந்தைகளுக்கு இசைப் பயிற்சி. புருகேரா முதலாண்டில் குறைந்தபட்சக் கூலியில், குடியேறிக் குடும்பங்களோடு ஒரே வீட்டில் தங்கினார். கலைக்குப் பயன் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காலப்போக்கில் அங்கு வந்துபோன மக்களே குழு அமைத்து முடிவெடுக்கத் தொடங்கினார்கள். இது கலையா, சமூகப்பணியா என்று கலை விமர்சகர்கள் வாதாடினார்கள். மாலையில் வகுப்புக்கு வந்த பெண்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை மாற்றி அமைக்கிறேன். 1986-இன் சுழலும் மேசையில் தொடங்கி, விரட்டுவேலிக்கு அதிக இடம் கொடுத்து, சீசாவுக்கு வரும்போது கொலெக்திவோ சோபெகேயையும் ஹுவாரேஸ் பட்டறையையும் வடிவமைத்தவர்களோடு ஒரே வரியில் எழுதுவேன். சீசாவை விட்டுவிட மாட்டேன், நெய்தல்நிலம். அந்தக் குழந்தைகள் எதிர்ப்பக்கத்துக் குழந்தையின் எடையை உணர்ந்தார்கள். அதை எந்த வகுப்பும் தராது என்று இன்னும் நம்புகிறேன்.

வன்னிமகள், சனாதனன் பற்றி நீங்களே தனிக் கட்டுரை எழுதுவீர்களா? அதே இதழில் இடம் கேட்டு வாங்கித் தருகிறேன். நான் எழுதினால் முதல் கோடு தவறான கையில் போய்விடும்.

---

வன்னிமகள்

எழுதுகிறேன். குடுவைக்குப் பொருள் கொடுத்தவர்கள் யாரேனும் இங்கே அறிமுகமானால் அவர்களிடமும் கேட்டுவிட்டு எழுத விரும்புகிறேன். தை மாதத்துக்குள் அனுப்பினால் போதுமா?

---

வைகைக்கரை

போதும். ஆசிரியரிடம் சொல்லிவைக்கிறேன்.